கடைசியில் அரைப் பக்கம் காலியாக விடு, தம்பி



என்னிடம் படித்த ஒரு தம்பி, ராணுவ வீரர்களின் ஊக்கம் பற்றி ஆய்வு செய்கிறான். கேள்வித்தாளை அனுப்பிக் கருத்துக் கேட்டான். நாற்பது கேள்விகள். எல்லாவற்றுக்கும் 1 முதல் 5 வரை டிக் அடிக்க வேண்டும். ஒரு வரி எழுத இடமில்லை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டோஃபரின் குழு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களிடம் கருத்துக் கேட்டது. பெயர் எழுத வேண்டியதில்லை. முடிவுகள் 1949-ல் நூலாக வந்தன.

அதில் ஒரு புதிர். விமானப் பிரிவில் பதவி உயர்வு வேகமாகக் கிடைத்தது. ராணுவக் காவல் பிரிவில் மிக மெதுவாக. ஆனால் அதிகம் குறைப்பட்டவர்கள் விமானப் பிரிவினர்! எண்ணிப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. காரணம்? பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் மேலே போகும்போது தான் மட்டும் நிற்பது வலிக்கும் என்று அக்குழு விளக்கியது. இந்த விளக்கம் எண்ணில் இல்லை. மனிதனைப் புரிந்துகொண்டதில் இருந்தது.

போர்முனை கண்ட காலாட்படையினரிடம், உங்களைத் தொடர்ந்து போரிட வைத்தது எது என்று கேட்டுச் சொந்த வார்த்தையில் பதில் வாங்கினார்கள். பிறகு வகை பிரித்து எண்ணினார்கள். சீக்கிரம் முடித்து வீடு திரும்ப வேண்டும் என்பதே அதிகம் வந்த பதில். அடுத்து, கூட இருந்த தோழர்கள். பெரிய லட்சியங்களைச் சொன்னவர்கள் சிலரே. கட்டங்களை மட்டும் கொடுத்திருந்தால் நாட்டுப்பற்றுக்கு எல்லோரும் 5 போட்டிருப்பார்கள்.

வெறும் பேச்சை நம்பினாலும் ஆபத்துதான். எஸ்.எல்.ஏ. மார்ஷல் வீரர்களோடு குழுவாகப் பேசிவிட்டு, நால்வரில் ஒருவர்கூடச் சுடுவதில்லை என்று 1947-ல் எழுதினார். உலகமே நம்பியது. பின்னால் தேடியவர்களுக்கு அவர் எண்ணியதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை.

இது ஏட்டு விஷயம் அல்ல. யார் முதலில் வீடு திரும்புவது என்பதற்கான புள்ளி முறையை வகுத்தபோது, வீரர்களின் கருத்தையும் கேட்டார்கள். தவறாகக் கேட்டிருந்தால் தவறான ஆள் காத்துக்கிடந்திருப்பான்.

வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிந்தது சார்" என்பீர்கள். யாருக்குப் புரியவில்லை என்பது நோட்டைத் திருத்தும்போது தெரியும். ஏன் புரியவில்லை என்பது பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினால்தான் தெரியும். இரண்டும் வேண்டும்.

ஆகவே தம்பி, நாற்பதை இருபதாக்கு. கடைசியில் அரைப் பக்கம் காலியாக விடு. பத்துப் பேரிடமாவது தனியாக உட்கார்ந்து பேசு. அப்போது மேலதிகாரி அருகில் இருக்க வேண்டாம். இருந்தால் எல்லாப் பதிலும் 5-தான்!