வெயிலுக்குக் காத்தைக் குறைக்காதீங்கய்யா!

பங்குனி பிறந்துவிட்டால் போதும், எங்க காரைக்குடிப் பக்கம் எந்தப் பஞ்சர் கடைக்குப் போனாலும் ஒரு வேதவாக்கு காதில் விழும். "வெயில் காலம்ணே... காத்தை அஞ்சு கம்மியாவே வைப்போம். சூட்டுல விரிஞ்சு வெடிச்சிரும்." காத்து அடிப்பவர் சொல்வார், வேன் டிரைவர் தலையாட்டுவார், உள்ளே உட்கார்ந்திருக்கும் இருபது பேரும் "ஆமா ஆமா, விவரமான டிரைவர்" என்பார்கள்.

விவரமெல்லாம் இல்லை. ரோட்டில் புழங்கும் மூடநம்பிக்கைகளிலேயே ஆளைக் கொல்லக்கூடியது இதுதான் என்பது என் கட்சி. பூனை குறுக்கே போனால் பத்து நிமிஷம்தான் நஷ்டம். இதில் போவது உயிர்.

"நீ பி.காம் படிக்கிறவன், உனக்கு எதுக்குடா டயரு?" என்று கேட்கப் போகும் வகுப்புத் தோழர்களுக்கு: அடுத்த டூருக்கு அந்த வேனில் ஏறப் போவது நீயும் நானும்தான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

முதலில், சூட்டில் காற்று விரிகிறதா? விரிகிறது. பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். காலையில் 27 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. வைத்த டயர், ஓடிச் சூடாகி உள்காற்று 67 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 58-59 காட்டும். இது டயர் கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் "குளிர்ந்த நிலையில் இவ்வளவு" என்று எழுதி வைத்திருக்கிறான். சூட்டில் ஏறப்போகும் அழுத்தத்தையும் கணக்கில் எடுத்துத்தான் டயரைச் செய்கிறான்.

நம்ம டிரைவர் என்ன செய்கிறார்? மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் கேஜ் வைத்துப் பார்த்து, "ஐயோ 58 இருக்கே" என்று பதறி, புஸ்ஸென்று இறக்கி 50-க்குக் கொண்டு வருகிறார். டயர் ஆறிய பிறகு, மறுநாள் காலை அதே டயரில் இருப்பது வெறும் 42. அதோடு மறுபடி ஹைவேயில் 80-ல் பறக்கிறார்.

டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் காற்று விரிவது அல்ல, ரப்பர் மடங்குவது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். கை சுடும், கடைசியில் ஒடியும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் தேவைக்கு மேல் மடங்கி நிமிர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வேன் டயர் நிமிஷத்துக்கு 600 தடவைக்கு மேல் சுற்றும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் துணி, கம்பிப் பட்டை எல்லாம் ரப்பரை விட்டுப் பிரிகிறது. பிறகுதான் 'டமார்'. பழியோ வெயில் மேல்!

இது என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் ஊரே சிரித்த கதை ஒன்று உண்டு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு ஃபயர்ஸ்டோன் டயர். ஃபோர்டு வைக்கச் சொன்ன காற்று 26 பி.எஸ்.ஐ. தான். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அங்கே செத்தவர்கள் மட்டும் 270-க்கும் மேல். டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் கோளாறு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் டயர் பிரிந்தது பெரும்பாலும் எங்கே தெரியுமா? டெக்சாஸ், ஃப்ளோரிடா, அரிசோனா மாதிரி வெயில் மாநிலங்களில். குறைந்த காற்று, வெயில், லோடு, வேகம் நாலும் கைகோத்த இடத்தில். ஃபயர்ஸ்டோனே பிறகு 30 வைக்கச் சொன்னது. அந்த ஆண்டே சட்டம் போட்டு, காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியைப் புது வண்டிகளில் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். கவனிக்க: காற்று குறைந்தால் எச்சரிக்க!

சரி, காத்தை ஏகத்துக்கும் அடித்துவிடலாமா? அதுவும் கூடாது. அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும், நடுவில் தேயும், பிரேக் பிடித்தால் வழுக்கும். குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். உங்கள் வண்டி டயரைக் குனிந்து பார்த்தாலே உங்கள் டிரைவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் சரியான நம்பர் எது? இங்கேதான் அடுத்த சண்டை. "எவ்வளவுண்ணே?" "நாப்பது அடிச்சிரு." எல்லா வண்டிக்கும், எல்லா லோடுக்கும் அதே நாற்பது. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் அதிகபட்ச எண்ணைப் பார்த்து அடிப்பவர்களும் உண்டு. அது டயரின் எல்லை, உங்கள் வண்டிக்கான சிபாரிசு இல்லை. எவ்வளவு காற்று என்பதை முடிவு செய்வது அந்த அச்சின் மேல் ஏறும் எடை. வண்டிக் கம்பெனியின் பட்டியலில் லோடுக்குத் தகுந்த மாதிரி முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இருக்கும்.

வெளிநாட்டில் வீட்டு வண்டி வைத்திருப்பவர்கள் சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏற்றி எடை மேடையில் நிறுத்தி, அச்சுவாரியாக எடை பார்த்து அதன்படி காற்று வைக்கிறார்கள். கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலாவையே அரசுக் கொள்கையாகக் கொண்டுவந்துவிட்டார்கள். "நமக்கு எதுக்கு கேரவன் கதை, அது சினிமாக்காரங்களுக்கு" என்கிறீர்களா? செட்டிநாட்டுக்காரர்கள் வருஷா வருஷம் கேரவனோடுதான் போகிறோம், பெயர்தான் வேறு. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு நடக்கிறவர்களுக்குக் கூடவே வேன் வரும். அண்டா, அடுப்பு, சிலிண்டர், அரிசி மூட்டை, பாய், தலையணை, தண்ணீர் டேங்க், நடக்க முடியாத ஆச்சி... வீடே சக்கரத்தில் போகிறது.

இந்த வீட்டின் எடையை யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 500 லிட்டர் தண்ணீர் என்றால் 500 கிலோ. வழக்கமாக அது ஏறுவது பின் அச்சில். அதைவிடக் கூத்து, போகும்போது நடந்த சனமெல்லாம் திரும்பும்போது வேனில் ஏறும். ஆளுக்கு 65 கிலோ வைத்தால் இருபது பேர் 1300 கிலோ. போகும்போது நடப்பவர்களோடு ஊர்ந்த வண்டி, வரும்போது இந்த லோடோடு ராத்திரியில் பறக்கிறது. காற்று? புறப்பட்ட அன்று அடித்ததுதான்!

டயர் வாங்குவதிலும் இதே கூத்து. சைஸ் சரியாக இருக்கிறதா, விலை கம்மியா, முடிந்தது. சைஸுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி எண் இருக்கும், அதுதான் லோடு இண்டெக்ஸ். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 104 என்றால் 900 கிலோ. 104/102 என்று இரண்டு எண் இருந்தால், ரெட்டை டயராகப் போடும்போது ஒவ்வொன்றும் 850 கிலோதான். அதுவும் குறிப்பிட்ட காற்று இருந்தால் மட்டும். காற்றைக் குறைத்தால் தாங்கும் எடையும் குறைகிறது. அதாவது காத்தை அஞ்சு இறக்கும்போது நீங்கள் சின்ன டயருக்கு மாறுகிறீர்கள். காசு கொடுத்து வாங்கியது ஒன்று, ஓட்டுவது வேறொன்று.

இன்னொன்று, வயசு. எங்க ஊர்ப் பெரிய வீடுகளில் வண்டி ஷெட்டில் நிற்கும். சென்னையிலிருந்து ஆட்கள் வந்தால், நல்லது கெட்டது என்றால் வெளியே எடுப்பார்கள். "டயர் புதுசு மாதிரி இருக்கு, பட்டன் தேயவே இல்லை." சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரைவிடப் பல மடங்கு ஆழம் இருக்கலாம். ஆனால் ரப்பருக்கு நின்றாலும் வயசாகும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துக்களின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2312 என்றால் 2012-ன் 23-வது வாரம். எவ்வளவு பட்டன் இருந்தாலும் 10 வருஷத்தில் மாற்றிவிடச் சொல்கிறார்கள் பெரிய டயர் கம்பெனிகள். ஸ்டெப்னிக்கும் அதே சட்டம்தான். மலாயாவில் ரப்பர் தோட்டங்களையே வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு ரப்பர் கெட்டுப்போகும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

பி.காம் மாணவனாக ஒரு கணக்கு. கேஜ் சில நூறு ரூபாய். எடை மேடைச் சீட்டு அதைவிட மலிவு. வேன் பேசும்போது ஏசி உண்டா, டிவி உண்டா, புஷ்பேக் சீட்டா என்று நாற்பது கேள்வி கேட்கிறோம், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். அந்த ஒரு ரூபாயை ஓனர் எங்கே மிச்சம் பிடிப்பார்? டயரில்தான். ஆக, தப்பு டிரைவர் அண்ணன் மேல் மட்டும் இல்லை. கேட்காமல் ஏறி உட்காரும் நம் மேலும்தான்.

அதனால் அடுத்த தடவை ஏறுவதற்கு முன்னால், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணே, இன்னிக்கு லோடுக்குக் காத்து பார்த்தீங்களா? உள் டயரும் பார்த்தீங்களா?" முறைப்பார். முறைக்கட்டும்.

பி.கு: "நைட்ரஜன் அடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று யாரும் சொல்ல வரவேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதையும் சரியான அளவு அடித்தால்தான் பிரயோஜனம்.