தீவில் வாழும் உரிமையும் வான்வழி மருத்துவமும்

நோய் எவருக்கும் நாள் பார்த்து வருவதில்லை. ஆனால் தீவில் வாழும் மனிதர் நோயுற்றால், காற்றையும் கடலையும் பார்த்தே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது. நகரத்தில் சிறு அறுவைச் சிகிச்சையோடு தீர்ந்துவிடும் குடல்வால் அழற்சி, கடல் கொந்தளிக்கும் ஓரிரவில் தீவு மனிதரின் உயிரைப் பறித்துவிடக் கூடும். மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது இன்றைய மருத்துவத்தின் பொதுவிதி. அந்த நேரம் இறங்குதுறையிலேயே கழிந்துவிட்டால், மறுகரையில் எத்தனை சிறந்த மருத்துவமனை இருந்தும் பயன் என்ன?

இக்கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக விடை தேடி வரும் நாடு ஸ்கொட்லாந்து. அதன் மேற்குக் கடலில், வெளித் தீவுகளுக்கும் அப்பால், செயின்ட் கில்டா என்னும் சிறு தீவுக்கூட்டம் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் வாழ்ந்த அந்த மண்ணில் 1930இல் எஞ்சியிருந்தோர் 36 பேர் மட்டுமே. இளையோர் வெளியேறினர், பயிர் பொய்த்தது, நோயுற்றவரைக் கரைசேர்க்க வழியின்றிப் போனது. தம்மை வெளியேற்றுமாறு அம்மக்களே அரசிடம் மனு அளித்தனர். 1930 ஓகஸ்ட் 29ஆம் நாள் அவர்கள் கப்பலேறினர். இன்று அங்கே நிரந்தரக் குடிமக்கள் எவரும் இல்லை. மருத்துவம் எட்டாத இடத்தில் ஓர் ஊர் நீண்டகாலம் ஊராக நிலைப்பதில்லை என்பதற்கு அந்த வெறுமை சான்றாக நிற்கிறது.

மூன்றே ஆண்டுகளின் பின்னர் வேறொரு தீவில் வேறொரு வரலாறு தொடங்கியது. 1933 மே 14ஆம் நாள், ஐலா தீவின் மீனவர் ஒருவர் வயிற்றில் துளை விழுந்து உயிருக்குப் போராடினார். படகும் வீதியுமாக கிளாஸ்கோவுக்குக் கொண்டுசெல்ல முயன்றால் அவர் வழியிலேயே இறந்திருக்கக் கூடும். ஒரு தனியார் நிறுவனத்தின் சிறு விமானம் அவரை ஏற்றிச் சென்றது, அவர் பிழைத்தார். ஸ்கொட்லாந்தின் வான்வழி நோயாளர் காவு சேவையின் தொடக்கமாக அந்நாளே கொள்ளப்படுகிறது.

ஆயினும் அந்த விமானம் வானத்திலிருந்து திடீரெனக் குதித்துவிடவில்லை. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்னரே, 1912இல், டூவர் குழு மலைநாட்டிலும் தீவுகளிலும் நிலவிய மருத்துவப் பற்றாக்குறையை ஊர் ஊராகச் சென்று விசாரித்து அறிக்கையிட்டது. அதன் விளைவாக 1913இல் அரச நிதியில் மலைநாட்டு, தீவு மருத்துவச் சேவை உருவானது. வறிய மக்கள் மிகுந்த இடத்தில் மருத்துவர் தனியார் வருமானத்தை நம்பி நிலைக்க முடியாது என்பதை அரசு ஏற்றுக்கொண்ட தருணம் அது. 1948இல் தேசிய சுகாதார சேவை பிறந்தபோது வான்வழிச் சேவையும் அதனுள் அடங்கியது. நோயாளியின் குடும்பம் விமானத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பது உறுதியானது.

இச்சேவைக்குக் கொடுக்கப்பட்ட விலையும் சிறிதன்று. 1957 செப்டெம்பர் 28ஆம் நாள், ஐலா தீவிலிருந்த நோயாளி ஒருவரை அழைத்துவரச் சென்ற விமானம் மோசமான வானிலையில் வீழ்ந்தது. விமானிகள் இருவருடன், தொண்டராக முன்வந்து சென்ற தாதி ஜீன் கென்னடியும் உயிரிழந்தார். பின்னர் அதே பணியில் ஈடுபட்ட விமானமொன்றுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 2005 மார்ச்சில் நோயாளியை ஏற்றச் சென்ற மற்றொரு விமானம் கடலில் வீழ்ந்து இருவர் மாண்டனர். ஒவ்வோர் இழப்பின் பின்னரும் சேவை நிறுத்தப்படவில்லை. 2006 முதல் இப்பணிக்கென்றே மருத்துவக் கருவிகள் பொருத்திய விமானங்கள் அமர்த்தப்பட்டன. 2004இல் முன்னோடி முயற்சியாகத் தொடங்கி 2010இல் நாடளாவிய சேவையான அவசர மருத்துவ மீட்பு அணி, சிறப்பு மருத்துவரையே நோயாளியின் அருகில் கொண்டுபோய் இறக்குகிறது. தீவிலுள்ள மருத்துவர் தொலைபேசியில் அழைத்தால் ஆலோசனை கூறவும், தேவையெனில் பறந்து செல்லவும் அந்த அணி ஆயத்தமாக இருக்கிறது.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விமானம் ஒரு கருவி மாத்திரமே. செலவை யார் ஏற்பது, பறக்கும் முடிவை யார் எடுப்பது, வழியில் நோயாளியை யார் பராமரிப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த விடை இருக்கும்போதுதான் அக்கருவி உயிர் காக்கும்.

இரண்டாவது வினாவின் கனதியை லட்சத்தீவு மக்கள் அறிவர். கேரளக் கரையிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால் சிதறிக் கிடக்கும் அத்தீவுகளிலிருந்து கடும் நோயாளர் கொச்சிக்கு உலங்குவானூர்தியில் அனுப்பப்படுகின்றனர். தீவிலுள்ள மருத்துவரின் சான்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. 2021 மே மாதத்தில், நால்வர் கொண்ட குழுவின் ஒப்புதல் வேண்டும் என நிர்வாகம் ஆணையிட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர். நோயாளியைக் கண்ணால் கண்ட மருத்துவரின் சொல்லுக்கும் வானூர்தியின் புறப்பாட்டுக்கும் இடையே நுழையும் ஒவ்வொரு கையொப்பமும் நேரத்தைத் தின்னும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

புலம்பெயர் தமிழருக்கும் இது அயலார் கதையன்று. வடநோர்வேயின் கடற்கரை ஊர்களில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் உழைத்து வாழ்வைத் தொடங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. அந்நாட்டில் 1988 முதல் வான்வழி நோயாளர் சேவை அரசின் பொறுப்பாக இயங்கி வருகிறது. பனிப்புயல் வீசும் ஊரில் பிள்ளை பெற்ற தாய்க்கு அந்த ஏற்பாடு தந்த மன நிம்மதியின் பெறுமதியை அந்தத் தலைமுறையே நன்கறியும்.

இப்போது நெடுந்தீவை நினைத்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத் தீவகத்தில் வேலணையும் புங்குடுதீவும் காரைநகரும் வீதியால் இணைக்கப்பட்டவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்குக்கும் படகே வழி. நெடுந்தீவில் பிரதேச வைத்தியசாலை உண்டு. ஆனால் பெரும் அறுவைச் சிகிச்சை வேண்டுமெனில் குறிகட்டுவான் வரை ஒரு மணி நேரக் கடற்பயணம். அதன்பின் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரை வீதிப்பயணம். கடற்படையின் விரைவுப் படகுகளும், சில அவசர வேளைகளில் விமானப்படையின் உலங்குவானூர்தியும் நோயாளரை ஏற்றி வந்ததுண்டு. அவ்வுதவியால் உயிர் பிழைத்தோர் உளர். எனினும் கேட்டுப் பெறும் உதவி வேறு; கேட்க வேண்டாமலே கிடைக்கும் உரிமை வேறு.

இலங்கையில் 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. ஒரே இலக்கத்தை அழைத்தால் பயிற்சி பெற்றவருடன் வண்டி வரும் என்னும் கொள்கை அங்கு ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. வீதியில் ஓடும் வண்டி கடலைக் கடப்பதில்லை. ஆகவே அதே கொள்கையை கடலுக்கும் வானுக்கும் விரிக்க வேண்டும் என்பதே நியாயமான கோரிக்கை. கடமையிலுள்ள மருத்துவரின் ஒரே அழைப்பில் பயணம் உறுதியாதல், இரவிலும் இறங்கத்தக்க ஒளியூட்டிய இறங்குதளம், உடன்செல்லப் பயிற்சி பெற்ற தாதியர், குடும்பத்துக்குச் செலவின்மை ஆகியவை எழுத்தில் வர வேண்டும். கடும் புயலில் வானூர்தியும் பறக்காது என்பதால், மூடிய மருத்துவப் படகும், தொலைவிலிருந்து சிறப்பு மருத்துவர் வழிகாட்டும் ஏற்பாடும் அதனோடு சேர்ந்தே அமைய வேண்டும்.

ஊர்ச் சங்கங்கள் கட்டடங்களும் கருவிகளும் வழங்கி வருவது போற்றத்தக்கது. ஆனால் அன்பளிப்பான வண்டிக்கு எரிபொருளும் ஆளும் இல்லையேல் அது கொட்டகையில் துருப்பிடிக்கும். பெற்றோரின் தலைமுறை பணத்தோடு கோரிக்கையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மருத்துவம், தாதியம், அவசர சிகிச்சை, விமானவியல் ஆகிய துறைகளில் பயின்று நிற்கும் இளையோரிடம், தாம் வாழும் நாடுகளின் நடைமுறை அறிவு இருக்கிறது. அதனைத் தாயகத்து மருத்துவருடனும் தாதியருடனும் பகிர்ந்து, நிறைவேற்றத்தக்க திட்டமாக வரைந்து கொடுப்பது அவர்களால் இயலும் பணி.

போரினால் வெறிச்சோடிய தீவக ஊர்களுக்கு மீண்டவர்கள், வேர்விட்ட மண்ணை விட மனமில்லாமல் மீண்டவர்கள். மருத்துவம் கிட்டாததால் அவர்களது பிள்ளைகளும் கரைக்குக் குடிபெயர நேர்ந்தால், அந்த வெளியேற்றத்துக்குப் போரைக் காரணம் காட்ட முடியாது.