மறுதேர்வுக்கு முன் ஒரு கணக்கு

உங்கள் அண்ணனோ அக்காவோ கணினி வலையமைப்புக்கான சிசிஎன்ஏ தேர்வில் தோல்வியுற்றிருக்கலாம். சிஸ்கோ நிறுவனம் நடத்தும் இந்த 120 நிமிடத் தேர்வை 5 நாள் இடைவெளிக்குப் பின் மீண்டும் எழுதலாம். எழுதலாம் என்பதற்காகவே உடனே எழுதிவிட வேண்டுமா?

தோற்றவருக்கும் பகுதிவாரியாக மதிப்பெண் விவரம் கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் 'ஐபி இணைப்பு' பகுதிக்கு 25 விழுக்காடு. 'ஐபி சேவைகள்' பகுதிக்கு 10. இரண்டிலும் ஒரே அளவு பின்தங்கியவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? விடை தெளிவு. ஆயினும் பலர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்தே மறுபடி படிக்கின்றனர்.

அதனால் பயன் குறைவு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கே 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். சிலர் பாடத்தைத் திரும்பப் படித்தனர். சிலர் அதை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ எழுதியவர்களே முந்தினர்!

ஆகவே புத்தகத்தை மூடுங்கள், தாளை எடுங்கள். ஐபிவி4 முகவரியின் 32 பிட்டுகளில் 26 வலையமைப்பைக் குறித்தால், எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம்? மீதி 6 பிட்டுகள் 64 முகவரிகளைத் தரும். 2 நீங்கலாக 62. இப்படித் தானே கணக்கிட்டுப் பார்த்தவருக்கு எண்கள் மாறினாலும் கவலையில்லை.

கசிந்த கேள்விகளை விலைக்கு வாங்கி மனப்பாடம் செய்வோரும் உண்டு. அவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கலாம். ஆனால் நள்ளிரவில் ஒரு மருத்துவமனையின் வலையமைப்பு நின்றுபோனால், அங்கே தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் இருக்கமாட்டா!