எடை பார்த்தோம், எதைப் பார்க்க மறந்தோம்?

திரை விலகுகிறது. ஊர்க்கோடியில் ஓர் அங்கன்வாடி. காலை மணி பத்தரை. மேற்பார்வையாளர் அம்மையார் வருகிறார் என்ற சேதி, அவர் வருமுன்னே வந்துவிட்டது. வாசலிலே கோலம். சுவரிலே புதுப்படம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், கைகட்டி, வாய்பொத்தி. அம்மையார் நுழைகிறார். "வணக்கம்!" என்று இருபது பிஞ்சுத் தொண்டைகள் ஒரே குரலில் ஒலிக்கின்றன. நேற்று முழுதும் ஒத்திகை பார்த்த பாட்டை ஒரு பிள்ளை பாடுகிறது. பாட்டு முடிந்தது, பதிவேடு திறந்தது. வருகை எத்தனை? அரிசி எத்தனை கிலோ? முட்டை எத்தனை? எடைக் குறிப்பு ஏறியதா? படம் எடுத்து அனுப்பியாயிற்றா? கையெழுத்து. அம்மையார் அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார். திரை விழுகிறது.

இந்தக் காட்சியிலே ஒரு வசனம் எவர் காதிலும் விழவில்லை. மூன்றாவது வரிசையிலே ஒரு சிறுமி, ஆயாவின் புடவைத் தலைப்பை இழுத்து, "ஆயா, முட்டைக்குள்ளே கோழிக்குஞ்சு எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். "உஷ்! அம்மா வந்திருக்காங்க, சும்மா உட்காரு" என்று விடை வந்தது. முட்டைக்குக் கணக்கு இருந்தது. முட்டையைப் பற்றிப் பிள்ளை கேட்ட கேள்விக்குக் கணக்கு இல்லை!

நான் நாடகக்காரன். நான் புனைந்த காட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், உங்கள் ஊர் மையத்து ஆசிரியையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் சிரிப்பாரா, பெருமூச்சு விடுவாரா என்று பாருங்கள்.

குற்றவாளி யார்? அந்த ஆயாவா? அல்ல. அந்த அம்மையாரா? அவரும் அல்ல. இருபது, இருபத்தைந்து மையங்களை அவர் தலையிலே ஏற்றினார்கள். அரிசியை எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். அறிக்கை அனுப்பக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மையம் நல்ல மையந்தானா என்று அமர்ந்து பார்த்து, அளந்து, எடுத்துச் சொல்லும் கலையை எவ்வளவு கற்றுக்கொடுத்தார்கள்? அந்தக் கேள்வியைத்தான் இன்று எழுப்புகிறேன்.

கேட்டவுடனே சில கனவான்கள் நகைக்கிறார்கள். "பிள்ளை வளர்ப்பதற்குப் பயிற்சியா? அதைப் பார்ப்பதற்கு வேறு பயிற்சியா? நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியிலே படித்தார்கள்?" என்கிறார்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். பட்டத்தின் பெருமை பேச வரவில்லை. ஆனால் பாட்டியைச் சாட்சிக்கு அழைத்தவர்கள், அவள் சொல்வதை முழுதும் கேட்கட்டும். அழுகையைக் கேட்டே பசியா, வயிற்றுவலியா, தூக்கமா என்று பிரித்தறிந்தவள் அவள். மடியிலே ஒரு பிள்ளை, அருகிலே ஒரு பிள்ளை. பார்க்க ஆயுள் முழுதும் அவகாசம். அவளுடைய பல்கலைக்கழகம் அதுதான். அந்தப் பாட்டியிடம் இருபது பிள்ளைகளையும், ஒரு கட்டுப் பதிவேட்டையும், ஒரு கைபேசியையும் கொடுத்து, 'வளர்த்துக் காட்டு' என்றால் என்ன சொல்வாள்? பாட்டியின் கண்ணை ஊருக்கெல்லாம் பொதுவாக்குவதற்குப் பெயர்தான் தோழர்களே, பயிற்சி!

பயிற்சி பலிக்குமா என்ற ஐயத்துக்கு விடை, நம் மண்ணிலேயே இருக்கிறது. 1980ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடையை அட்டையிலே கோடாக வரைந்தார்கள். கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தாய்க்கே காட்டினார்கள். ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். செய்தவர்கள் மேதைகள் அல்லர், உள்ளூர்ப் பெண்கள். எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும், பார்த்தபின் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் தெளிவாகக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் செய்து காட்டினார்கள். கடுமையான ஊட்டக்குறை குறைந்தது. உலகத்து ஊட்டச்சத்து வல்லுநர்கள் அதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். 1982ஆம் ஆண்டிலே சத்துணவு வந்தது. பின்னர் முட்டையும் வந்தது. வயிற்றின் கேள்விக்குத் தமிழகம் விடை தேடிற்று, வாழ்த்துவோம்.

எடையை அளக்கக் கற்றுக்கொடுத்தோம், எடை ஏறிற்று. பேச்சையும் விளையாட்டையும் பரிவையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தோமா?

"அதையெல்லாம் அளக்க முடியுமா?" என்பார்கள். முடியும். அதே 1980ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் வட கரோலினாவில் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்டு கிளிஃபோர்டு என்ற இருவர், மழலையர் மையங்களின் சூழலை மதிப்பிட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். 1 என்றால் போதாது, 3 குறைந்தபட்சம், 5 நன்று, 7 மிக நன்று. அவர்கள் அளந்தது பிள்ளையை அல்ல, மையத்தை! மூன்று வயதுக் குழந்தைக்குத் தேர்வு வைக்கும் கொடுமை வேறு. அந்தக் குழந்தைக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று நமக்கு நாமே தேர்வு வைத்துக்கொள்ளும் நேர்மை வேறு.

அளவுகோலைவிட, அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் முறையே நாம் கவனிக்க வேண்டியது. பயிற்சி பெறுபவரும் பயிற்றுநரும் ஒரே அறையிலே, ஒரே காலையிலே, சில மணி நேரம் வாய் திறவாமல் அமர்ந்து பார்க்கிறார்கள். தனித்தனியே மதிப்பெண் இடுகிறார்கள். பிறகு ஒப்பிடுகிறார்கள். 'நீ 5 இட்டாய், நான் 3 இட்டேன். எதைக் கண்டு இட்டாய்?' என்று வாதிடுகிறார்கள். இருவர் கண்ணும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை மறுபடி, மறுபடி பார்க்கிறார்கள். கடைத்தெருவிலே இரு கடைத் தராசுகள் இரு எடை காட்டினால் சும்மா இருப்போமா? முத்திரை போட்ட தராசு கேட்போம். பருப்புக்கு முத்திரைத் தராசு வேண்டும். பச்சிளம் பருவத்துக்கு வேண்டாமா?

வட கரோலினாவின் கோலை அப்படியே நம் ஊரிலே ஊன்றச் சொல்லவில்லை. அவர்கள் அறையின் விரிப்பும் நாற்காலியும் வேறு. நம் திண்ணையும் பாயும் வேறு. அதை உணர்ந்துதான், சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், தமிழ்நாட்டுக்கு ஏற்றதாக அத்தகைய அளவுகோல் ஒன்றை வகுத்தது. ஆக, கோல் இல்லை என்று கைவிரிக்க வழியில்லை. கோலைப் பிடிக்கும் கைகளை ஊர்தோறும் உருவாக்குவதே பாக்கி.

பயிற்சி பெற்ற கண் என்னென்ன பார்க்கும்? பொம்மை இருக்கிறதா என்று பதிவேடு பார்க்கும். பொம்மை பிள்ளையின் கையிலே இருக்கிறதா, பீரோவிலே இருக்கிறதா என்று பயின்ற கண் பார்க்கும். இருப்புப் பதிவேட்டிலே ஏறிய பொம்மை உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அஞ்சி, உறை பிரிக்காமலே பூட்டி வைத்தால், பொம்மையைக் காத்தோம், பிள்ளையைப் பறிகொடுத்தோம் என்பதல்லவா பொருள்? ஆசிரியை பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பேசுகிறாரா? பிள்ளை கேள்வி கேட்டால், கேள்வி வளர்கிறதா, வாடுகிறதா? அழும் பிள்ளையை அணைக்கும் கை உண்டா? உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவுகிறார்களா? எந்தத் தெருவிலிருந்து வந்த பிள்ளையானாலும் ஒரே பந்தி, ஒரே பரிவு கிடைக்கிறதா? பேசாத பிள்ளை, நடக்க இயலாத பிள்ளை, ஓரத்திலே உட்கார்ந்துவிட்டதா, விளையாட்டிலே சேர்ந்துகொண்டதா? எந்தப் பதிவேட்டிலே இதற்கெல்லாம் கட்டம் இருக்கிறது?

"செயலி வந்துவிட்டதே!" என்கிறார்கள். வந்தது, 2021ஆம் ஆண்டிலே. உயரம் சொல்கிறது, எடை சொல்கிறது, மையம் திறந்ததைச் சொல்கிறது. உணவுப் பொருள் பெற வருபவரின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறையும் வந்தாயிற்று. முகத்தை அடையாளம் காணும் கருவி, அகத்தை அடையாளம் காணுமா? முட்டைக்குள் குஞ்சு எப்படிப் போயிற்று என்று கேட்ட சிறுமியை அது எந்தக் கட்டத்திலே ஏற்றும்?

"அங்கன்வாடி வேண்டாம், ஆங்கில நர்சரி இருக்கிறது" என்கிறார் இன்னொருவர். டை கட்டிவிட்டால் தரம் வந்துவிடுமா? டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்து ஆய்வு மையமும் அசர் மையமும் இணைந்து, ராஜஸ்தான், அசாம், தெலங்கானா மாநிலங்களிலே ஏறக்குறைய 14,000 குழந்தைகளை 4 வயது முதல் 8 வயது வரை தொடர்ந்து பார்த்தன. அந்த ஆய்வு 2017ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இரு வகை இடங்களும் பெரும்பாலும் அந்த வயதுக்கு ஏற்றவையாய் இல்லை என்றது அது. இங்கே, ஆட்டமும் பாட்டும் கதையும் போதவில்லை. அங்கே, மூன்று வயதிலேயே எழுத்தும் எண்ணும் மனப்பாடமும் திணிப்பு. கூலிவேலைக்குப் போகும் தாய், கடன் வாங்கிக் கட்டணம் கட்டி வாங்கியது எதை? தரத்தை அல்ல, தரத்தின் சீருடையை! தரம் எது என்று காட்டும் கண் ஊரிலே இல்லாதபோது, பளபளப்பு தரமென்று விலை போகும். ஏமாறுபவள் ஏழைத் தாய்.

இனி, என் தோழர்கள் சிலரே எழுப்பும் ஐயத்துக்கு வருகிறேன். "மதிப்பீடு என்பது சாட்டை அல்லவா? கடைசியிலே அது ஏழை ஆசிரியை முதுகிலேதானே விழும்?" நியாயமான அச்சம். இங்கிலாந்திலே பள்ளிகளையும் மழலையர் மையங்களையும் ஆய்வு செய்யும் அரசுத் துறை, பள்ளி முழுவதையும் ஒரே சொல்லிலே தீர்ப்பிட்டு வந்தது. அத்தகைய ஆய்வுக்குப் பின் 2023ஆம் ஆண்டிலே ஒரு தலைமையாசிரியை உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வும் காரணமாயிற்று என்று மரண விசாரணை அதிகாரி கூறினார். 2024 செப்டம்பரிலே அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் தீர்ப்பு நீக்கப்பட்டது. பயிற்சியும் பரிவும் இல்லாத அளவுகோல் தடியாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவேதான் சொல்கிறேன்: கோலின் முதல் நுனி அரசாங்கத்தை நோக்கி இருக்கட்டும். கழிப்பறை இல்லாத மையத்துக்குக் குறைந்த மதிப்பெண் வந்தால், அது ஆசிரியையின் மதிப்பெண் அன்று, ஆட்சியின் மதிப்பெண்! குடிநீர், மின்விசிறி, ஓடியாட இடம், காலிப்பணியிடம், ஊதியம் அனைத்தும் அந்த ஏட்டிலே ஏறட்டும். அவர்கள் வாங்குவதற்கு 'மதிப்பூதியம்' என்று பெயர். மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. பெயரிலே மட்டும் இரண்டும் உண்டு! மைய அரசு தான் வகுத்த மதிப்பூதியத்தை மாதம் 4,500 ரூபாயாக உயர்த்தியது 2018ஆம் ஆண்டிலே. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. பணிக்கொடைக்கு அவர்கள் உரியவர்கள் என்று கூறுவதற்கே 2022ஆம் ஆண்டிலே உச்சநீதிமன்றம் வரவேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு, விளையாட்டின் வழியே கல்வி தரும் புதுமுறையைக் கற்பிக்க, 2023ஆம் ஆண்டிலே மைய அரசு தொடங்கிய திட்டம் ஒதுக்கிய நாள் எத்தனை? மூன்று! நாடகத்திலே ஒரு காவலாளி வேடத்துக்கே மூன்று நாள் ஒத்திகை போதாது, தோழர்களே!

ஏன் இந்த அலட்சியம்? சட்டத்தையே புரட்டிப் பாருங்கள். 1950ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுக்குள் கல்வி தர முயலச் சொன்னது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம், 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிஞ்சுக்கு? அரசு 'முயலும்' என்று எழுதிற்று. அண்ணனுக்கு உரிமை; தம்பிக்கு முயற்சி! வாக்குச்சீட்டு இல்லாதவன், வாய்பேசத் தொடங்காதவன் என்பதாலா?

மெத்தனத்தின் விலையை நாம் அறிவோம். 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்திலே, ஒரு பள்ளிச் சமையற்கூடத்து நெருப்பு கீற்றுக் கூரையிலே பற்றி, 94 குழந்தைகளை விழுங்கிற்று. கூரை முதல் நாள் வரை எல்லார் கண்ணுக்கும் தெரிந்த கூரைதான். பார்த்த கண்கள் பல. பார்க்கத் தெரிந்த கண் ஒன்றாவது இருந்ததா? அன்று எரிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று மையம்தோறும் அணைந்துபோகும் கேள்விகள் கண்ணுக்குத் தெரிவதில்லை; அவ்வளவுதான் வேறுபாடு.

நாம் கேட்பது என்ன? மேற்பார்வையாளர்க்கு, வகுப்பறைச் சொற்பொழிவு அல்ல, மையத்திலேயே இருவராய் அமர்ந்து பார்த்து ஒப்பிடும் பயிற்சி. பார்ப்பதற்கு நேரம், அதற்காகப் பதிவேட்டுச் சுமைக் குறைப்பு. அதே அளவுகோல் ஆசிரியையின் கையிலும். தன் மையத்தை முதலிலே தானே மதிப்பிடும் உரிமை. கண்டது என்ன என்பதைத் தாய்மார் கூட்டத்திலே தாய்மொழியிலே படித்துக் காட்டும் கடமை. தனியார் நர்சரிக்கும் அதே கோல்.

இளந்தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாளைக் காலையே கட்சித் துண்டோடு மையத்துக்குள் நுழைந்து, 'கணக்கைக் காட்டு' என்று அதட்டாதீர்கள். அது நமக்கு இழுக்கு. அந்த ஆசிரியை நம் எதிரி அல்லர். நம் தரப்பின் முதல் சாட்சி. அவரைக் கேளுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதை எங்கே வைப்பது? 1975 அக்டோபர் 2ஆம் நாள், 33 வட்டாரங்களிலே, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்தது. அங்கன்வாடியின் பிறந்தநாள் அது. அக்டோபர் 2 நம் ஊர்களிலே கிராமசபை கூடும் நாளும்கூட. அன்று எழுந்து நில்லுங்கள். சாலைக்குத் தீர்மானம், சாக்கடைக்குத் தீர்மானம் எல்லாம் ஆகட்டும். அவற்றோடு ஒரு தீர்மானம்: "எங்கள் பிள்ளைகளின் மையத்தைப் பார்க்க வருபவர், பார்க்கக் கற்றவராய் வரவேண்டும்!"

அந்தச் சிறுமி இன்னும் விடைக்குக் காத்திருக்கிறாள். நாளை அவள் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுவாள். அதற்கு முன் செல்வோம், தோழர்களே!