ஆடுகளத்து ஒளித்திரை

"கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் நாட்டு முதுமொழி. பல்லாயிரம் மக்கள் ஒருங்கு கூடி ஒரு பந்தின் போக்கைக் கண்கொட்டாது நோக்கும் ஆடுகளத்திலே இதன் உண்மை நன்கு விளங்கும். இமைப்பொழுதில் நிகழ்ந்து மறையும் செயலை ஒருவர் கண்டவாறே மற்றொருவர் காண்பதில்லை. இற்றைநாளில் ஆடுகளத்தின் ஓரத்தே உயர்ந்து நிற்கும் ஒளித்திரை இக்குறையை நீக்க வல்லது. அத்திரை யாருக்கு உரியது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

சிவகாசி வட்டாரத்தாராகிய நமக்கு இவ்வாராய்ச்சி புறம்பானதன்று. அமெரிக்க நாட்டிலே பேஸ்பால் என்னும் பந்தாட்டம் பெருவழக்கினது. 1960-ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரத்துக் காமிஸ்கி ஆடுகளத்தில் ஒரு புதுமையான கணக்குப் பலகையை நிறுவினர். தம்மூர் ஆட்டக்காரர் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தபோதெல்லாம் அப்பலகை வாணங்களை வீசி முழங்கிற்று. நம் மக்களின் பிழைப்பாகிய வாணத்தொழிலே அன்று பலகைக்கு அணியாயிற்று. பின்னர் 1980-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து டாட்ஜர் ஆடுகளத்தில், மிட்சுபிஷி நிறுவனத்தார் செய்த வண்ணப் பெருந்திரை முதன்முதல் ஒளிர்ந்தது.

அத்திரை இயங்கும் முறையும் நம்மூரார்க்கு எளிதில் விளங்கும். நம் அச்சகத்தார் நான்கு மைகளின் நுண்புள்ளிகளை அடுத்தடுத்துப் பதித்து நாட்காட்டியில் ஒரு முகத்தைத் தோற்றுவிக்கின்றனர். திரையோ சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிப்புள்ளிகளால் அதனைச் செய்கின்றது. வாணத்தில் நல்ல நீலம் பெறுதல் அரிது என்பதைப் பட்டாசுத் தொழிலாளர் அறிவர். ஒளியுமிழ் டையோடிலும் நீலமே நெடுங்காலம் கைகூடாது நின்றது. அவ்வருமையை வென்ற அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா என்னும் மூவர்க்கும் 2014-இல் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இன்று நண்பகல் வெயிலிலும் திரை மங்காதிருப்பது அவர்தம் உழைப்பின் பயனேயாம்.

ஆயினும் திரை வாய் மட்டுமே. பேசும் அறிவு பிறிதோரிடத்தில் உள்ளது. களத்தைச் சூழப் பல படப்பொறிகள் நிற்கின்றன. அவை அனுப்பும் காட்சிகளை எல்லாம் ஓர் அறையில் அமர்ந்து நோக்கும் இயக்குநர், இமைப்பொழுதில் ஒன்றைத் தேர்கின்றார். அவர் தேர்ந்ததையே மக்கள் காண்பர். அவர் மறைத்தது நிகழாததே போலும். இது சிறிய அதிகாரமன்று.

சாட்சியில்லாத காலம் எவ்வாறிருந்தது? 1986 செப்டம்பரில் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டு ஆட்டத்தில், இந்தியா வெல்ல ஓர் ஓட்டமே குறைந்தது. கையில் ஒரு விக்கெட்டே எஞ்சியிருந்தது. மணீந்தர் சிங்கின் காலிற் பந்து பட்டது என நடுவர் கையுயர்த்தினார். ஆட்டம் சமனாய் முடிந்தது. பந்து முன்னரே மட்டையிற் பட்டது என்றார் மணீந்தர். அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆறாண்டு கழிந்து, 1992-இல் டர்பன் நகரில், தொலைக்காட்சிப் படத்தை நோக்கி மூன்றாம் நடுவர் அளித்த தீர்ப்பால் முதன்முதல் ஆட்டமிழந்தவர் டெண்டுல்கர். நடுவர் தீர்ப்பை ஆட்டக்காரரே மறுஆய்வுக்கு அழைக்கும் முறை 2008-இல் இலங்கையில் முதற்கண் சோதிக்கப்பட்டது.

இனி நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. அமெரிக்கப் பேஸ்பால் களங்களில் 1980 முதலே திரை இருந்தும், ஐயத்திற்கிடமான நிகழ்ச்சிகளைக் கூடியிருந்த மக்களுக்கு மீளக் காட்டுதற்குத் தடை இருந்தது. வீட்டில் இருந்தோர் கண்டதைக் காசு கொடுத்து வந்தோர் காணவில்லை! 2014-இலேதான் அத்தகைய நிகழ்ச்சிகள் அனைத்தையும் காட்டலாம் என உரிமை அளித்தனர்.

மக்களுக்குக் காட்டினால் நடுவரின் மதிப்புக் குன்றும், கூட்டம் கொதிக்கும் என்பர் சிலர். நாம் அதற்கு உடன்படோம். மறைவிற் பிறந்த தீர்ப்பே ஐயத்தை வளர்க்கும். வெளிப்படையில் பிறந்தது, கசப்பாயினும், ஏற்கப்படும். 2023-இல் கோயம்புத்தூரில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டமொன்றில், மறுஆய்வில் மாற்றப்பட்ட தீர்ப்பையே மீண்டும் ஆய்வுக்கு அழைத்தார் அசுவின். தீர்ப்பு மாறவில்லை, ஆட்டம் தொடர்ந்தது. எவர் மதிப்பு அங்கே குன்றிற்று?

திரைக்கு ஆகும் செலவை விளம்பரமன்றோ தாங்குகின்றது எனின், அதனையும் மறுக்கோம். விளம்பரம் வருக, வேடிக்கையும் வருக. வேடிக்கையால் உண்ணும் ஊரார் அதனைப் பழித்தல் நன்றியன்று. ஆனால் ஐயம் எழுந்த அந்நொடியில் திரை சாட்சியாக மட்டுமே நிற்றல் வேண்டும். "ஆரவாரம் செய்க" என ஏவுதலும், தம் அணிக்குப் பாதகமான காட்சியை விழுங்குதலும் சாட்சிக்கு அழகல்ல.

வாணம் மகிழ்விக்க எரியும் ஒளி. விளக்கு காட்ட எரியும் ஒளி. இரண்டின் வேற்றுமையை நம்மூர்ச் சிறுவரும் அறிவர். ஆடுகளத்து ஒளித்திரை இரண்டுமாக இருக்கலாம். ஆயின் முதற்கண் விளக்காக இருக்கட்டும். மிகக் குறைந்த விலைச் சீட்டில் கடைசி வரிசையில் அமர்ந்த ஏழைக்கும் நடுவர் கண்டதையே காட்டும் திரையே, தான் ஏறி நிற்கும் உயரத்திற்குத் தகுதியுடையது.