சோலியில்லாத கப்பல்

கொல்லன் தெருவில் ஊசி விற்பதைத்தான் பெரிய சாமர்த்தியம் என்று நம் முன்னோர்கள் நினைத்திருந்தார்கள். பாவம், அவர்கள் இந்தக் காலத்து உல்லாசப் பிரயாண ஏஜெண்டுகளைப் பார்த்ததில்லை. இவர்கள் கடற்கரைச் சீமைக்கு வந்து கடற்கரையையே விற்கிறார்கள். திருநெல்வேலிக்காரன் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கடலில் கால் நனைத்துவிடலாம். அவனைப் பார்த்து, "ஐயா, இலையுதிர்காலம் வருகிறது, வடகோடிக் கடலோரமாகக் கப்பலில் போய் அழகு பார்த்துவிட்டு வாருங்கள், சில லட்ச ரூபாய்தான் செலவு" என்கிறார்கள். அவனும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறான். திரும்பி வந்ததும் நம்மிடம் கையை விரிக்கிறான்: "என்னவே இருக்கு நம்ம ஊர்ல? அங்கேயில்லா இருக்கு அழகு!"

அந்த அழகு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நார்வே தேசத்தின் கரையில், பனியாறுகள் மலையைக் குடைந்து வைத்த பள்ளங்களுக்குள் கடல் வெகுதூரம் புகுந்து கிடக்கிறது. புரட்டாசி மாதத்தில் அங்கே பிர்ச் மரங்கள் மஞ்சளும் செம்பும் பூசிக்கொள்ளும். சிகரங்களில் முதல் பனி விழும். கோடையில் நடுராத்திரியிலும் அஸ்தமிக்காமல் நின்ற சூரியன் ஓய்ந்து, இருட்டு திரும்பி வரும். இருட்டு வந்தால்தான் வடதுருவ ஜோதி கண்ணுக்குப் புலப்படும்; ஆகவே ஆகாயத்தில் பச்சைத் திரைச்சீலை அசைவதைக் கப்பல் தட்டில் நின்றபடியே பார்க்கலாம். அட்லாண்டிக் சமுத்திரத்தின் வெந்நீரோட்டம் கரையை உரசிக்கொண்டு போவதால் அத்தனை வடக்கிலும் துறைமுகங்கள் உறைவதில்லை. இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு மனிதன் ஆசைப்பட்டால் அதில் என்ன பிழை? ஆசைப்படாதவன்தான் கட்டைமனசுக்காரன்.

என் வழக்கு வேறு. அந்தக் கடலோரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கப்பல், அழகு பார்ப்பதற்காக விட்ட கப்பல் அல்ல. இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை; போய் வந்தவர்கள் கவனிப்பதும் இல்லை.

1893-ஆம் வருஷம் ஜூலை மாதம் ரிச்சர்ட் வித் என்கிற மாலுமி, திரோந்தெய்ம் என்ற ஊரிலிருந்து ஹாமர்ஃபெஸ்ட் என்ற வடகோடி ஊருக்கு ஒரு நீராவிக் கப்பலைக் கிளப்பினார். அப்போது அந்த வடகோடிக்குத் தபால் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து மாதமும் ஆகுமாம். பாறையும் இருட்டுமான அந்தக் கடலில் ராத்திரியிலும் கப்பல் ஓட்ட முடியும் என்று பந்தயம் கட்டினாற்போல் இறங்கியவர் அவர். அன்று ஆரம்பித்த கடலோரச் சர்வீஸ் இன்றைக்கும் ஓடுகிறது. தெற்கே பெர்கன் முதல் வடக்கே கிர்க்கெனெஸ் வரை முப்பத்துநான்கு துறைகளில் நின்று, பன்னிரண்டு நாளில் போய்த் திரும்புகிறது. நடுச்சாமத்தில் ஒரு சின்னத் துறையில் நிற்கும். மீன்பெட்டி ஏறும், சாமான் இறங்கும், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவி கைத்தடியோடு ஏறுவாள். கட்டுப்படியாகாத துறைகளிலும் கப்பல் நிற்க வேண்டும் என்பதற்காக அந்த நாட்டு அரசாங்கம் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்கிறது. அழகு பார்க்கப் போகிறவன் இந்தக் கிழவியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான். அவ்வளவுதான் சங்கதி.

எங்கள் பக்கத்தில் 'சோலி' என்று ஒரு சொல் உண்டு. வேலை, காரியம், அலுவல் எல்லாம் அதற்குள் அடக்கம். காரணமில்லாமல் முச்சந்தியில் நிற்கிறவனை, "உமக்குச் சோலி இல்லையாவே?" என்று கேட்போம். கப்பலையும் அப்படிக் கேட்கலாம். நார்வேக் கப்பலுக்குச் சோலி இருக்கிறது. அதனால்தான் அதன் தட்டிலிருந்து பார்க்கும்போது அந்தக் கரை உயிரோடு தெரிகிறது. எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. மலையும் பனியும் மட்டும்தான் அழகு என்றால் வீட்டில் சாய்வுநாற்காலியில் கிடந்து படம் பார்த்தால் போதுமே!

இந்த உண்மையை விட்டுவிட்டு, மேல்பூச்சை மட்டும் நாம் இறக்குமதி செய்துகொண்டோம். 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு சொகுசுக் கப்பல் கோலாகலமாகக் கிளம்பியது. பதினோரு மாடி, நீச்சல் குளம், நாடகசாலை, சூதாட்டக் கூடம் எல்லாம் உண்டு. இரண்டு ராத்திரித் திட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். அது எந்த ஊருக்குப் போகும் தெரியுமோ? எந்த ஊருக்கும் போகாது. கடலுக்குள் போய்விட்டுச் சென்னைக்கே திரும்பிவிடும்! ஐந்து நாள் திட்டத்தில் புதுச்சேரி இருந்தது. சூதாட்டக் கப்பல் இங்கே வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர்கள் குரல் எழுப்ப, கப்பலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கரையே வேண்டாத கப்பல் ஒன்று. கரை வேண்டாம் என்று தள்ளிய கப்பல் ஒன்று. கடலோர யாத்திரையின் ரஸம் இதுதானா? இது ஹோட்டலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வாடகை வாங்குகிற வியாபாரம். அதற்கு ஒரு பெரிய குளம் போதும். வங்காள விரிகுடா வேண்டாம்.

"நம் கடற்கரையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஐப்பசியில் எங்களுக்கு இலை உதிராது; ஆற்றில் வெள்ளம் வரும். பொதிகையில் பிறந்த தாமிரபரணி மலைச்சாறும் வயற்சேறும் கரைத்துக்கொண்டு, ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டிப் புன்னைக்காயல் பக்கம் போய்க் கடலில் விழும்போது, நீலத்துக்குள் செம்மண் நிறம் விசிறிபோல் விரியும். கரையில் நிற்கிறவனுக்கு அது ஓர் அழுக்குக் கோடு. கடலிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் அதன் முழு வடிவமும் கிடைக்கும். பாண்டியர் காலத்து முத்துத் துறையான கொற்கையை இதே ஆறுதான் மண் கொட்டி மேடாக்கி, கடலிலிருந்து மைல்கணக்கில் உள்ளே தள்ளிவிட்டது. அதன் பின் வந்த பழைய காயலுக்கும் அதே கதி. மார்க்கோ போலோ வந்து பார்த்த காயல் அது. அதற்குத் தெற்கே காயல்பட்டினத்து மினாராக்கள், திருச்செந்தூர்க் கோபுரம், மணப்பாட்டு மணற்குன்றின் மேல் சிலுவைக் கோயில், பனைமர வரிசை, உவரி, பிறகு கூடங்குளத்து அணு உலைகளின் கும்மட்டங்கள். பின்னணியில் மழை கழுவித் துடைத்த மகேந்திரகிரி. மூன்று மதமும் ஒரு மின்சார நிலையமும் அடுத்தடுத்து வருகிற இந்தக் கரையை வரிசையாக, கடலிலிருந்து, எத்தனை திருநெல்வேலிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்? மீன் பிடிக்கிறவர்களும் தோணிக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு வழி ஏது?

"மழைக்காலத்தில் கடலா?" என்று பயமுறுத்துவார்கள். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் ஒரு தோணித் தண்டலிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி, எங்களுக்கு ஆகாதது ஆடிக் காத்துதான். அப்ப தோணியைக் கட்டிப் போட்டுருவோம். புரட்டாசி பொறந்தா ஓட்டம்தான். புயல் வந்தா மட்டும் பாத்துக்கிடணும்" என்றார். தென்மேற்குப் பருவக் காற்றில் கரையில் ஒதுங்கி நின்று, அது அடங்கியதும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர்களின் கணக்கு அது. வடக்கே நாகப்பட்டினத்துக் கடல் வேறு சுபாவம். அங்கிருந்து காங்கேசன்துறைக்குப் பிரயாணிக் கப்பல் 2023 அக்டோபர் 14-ஆம் தேதி கிளம்பியது. ஐப்பசி பிறந்ததும் 20-ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. காலம் பார்க்காமல் கப்பல் விட்டுவிட்டுக் கடலைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? எந்தக் கடல் எந்த மாதத்தில் சாது என்று தண்டல்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இனி, நான் கோபப்படுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். வேறு எந்த ஜில்லாக்காரன் பிரயாணிக் கப்பலை மறந்தாலும் மன்னிக்கலாம். திருநெல்வேலிச் சீமைக்காரன் மறக்கலாமா?

1906 அக்டோபரில், இதே மழைக்காலத்தில்தான், வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவர். அடுத்த வருஷம் 'காலியா' வந்தது, 'லாவோ'வும் வந்தது. 'காலியா'வில் முதல் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், இரண்டாம் வகுப்பில் இருபத்துநான்கு பேர், சாதாரண வகுப்பில் ஆயிரத்து முந்நூறு பேர் போகலாம். நாலாயிரம் மூட்டையும் ஏற்றலாம். இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அறுபத்தாறு பேருக்குச் சௌகரியம். ஆயிரத்து முந்நூறு பேருக்கு இடம். இன்றைய சொகுசுக் கப்பலில் அந்த ஆயிரத்து முந்நூறு பேர் எங்கே? கொழும்பில் கடை வைத்திருந்தவனும், தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக்காரனும், ஊருக்குத் திரும்புகிற தாயும் பிள்ளையும் ஏறிய கப்பல்கள் தூத்துக்குடிக் கப்பல்கள். மறைந்துகொண்டே போகும் கரையை நெஞ்சடைக்கப் பார்த்தவர்கள் அவர்கள். கடலோர அழகு என்ன என்று அவர்களுக்கு எந்த விளம்பரமும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு, சும்மாவே வாருங்கள், குடையும் தருகிறோம் என்றது என்பார்கள். சோலியுள்ள கப்பலைக் கண்டு அவர்கள் அவ்வளவு பயந்தார்கள்! 1908 மார்ச் 12-ஆம் தேதி சிதம்பரனாரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. போலீஸ் துப்பாக்கிக்கு நான்கு பேர் பலியானார்கள். வழக்கின் ஏட்டில் ராஜத்துரோகம் என்று எழுதியிருந்தது. கப்பல் என்று எழுதவில்லை. ஆனால் எதற்காக அவரை அடைத்தார்கள் என்று தெருவில் நின்றவனுக்குத் தெரியும். அவர் செக்கிழுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1911-இல், கம்பெனி கலைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருக்குக் கப்பல் இல்லை.

நாம் நன்றி மறந்தவர்கள் அல்லவே! 2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்தோம். அதே வருஷம் ஜூன் மாதம் அங்கிருந்து கொழும்புக்கு ஒரு பிரயாணிக் கப்பலும் விட்டோம். நவம்பருக்குள் அது நின்றுவிட்டது. நிலக்கரியும் பெட்டிச் சரக்கும் அந்தத் துறையில் வந்து குவிகின்றன, தாராளமாக வரட்டும். ஆனால் கப்பலோட்டியவன் பேர் தாங்கிய துறைமுகத்தில், டிக்கட் எடுத்து ஏறி உட்கார ஒழுங்காக ஓடும் ஒரு கப்பல் இல்லை. பெயர்ப்பலகை இருக்கிறது. அதைத்தான் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

"ரயிலும் ரோடும் இருக்கும்போது கடலோரக் கப்பல் எதற்கு?" என்பது புத்திசாலிகளின் கேள்வி. 2023 டிசம்பர் மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையை மறந்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் எண்ணூறு பேர் தண்ணீருக்கு நடுவே தவித்தார்கள். ரோடு அறுந்தது, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஹெலிகாப்டரிலிருந்து சோற்றுப் பொட்டலம் போட்டார்கள். புயலடிக்கிற நாளில் எந்தக் கப்பலும் போகாதுதான். ஆனால் கடல் அடங்கிய பிறகும் ரோடு அடைபட்டுக் கிடந்ததே! ஒரு சீமைக்கு இரண்டு வழிதான் உண்டு என்று வைத்துக்கொண்டால், இரண்டும் போன அன்றைக்கு என்ன செய்வது? மூன்றாவது வழி வாசலிலேயே அலையடித்துக்கொண்டிருக்கிறது.

"நஷ்டம் வரும்" என்பது அடுத்த கேள்வி. வரும். பட்டிக்காட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸும் நஷ்டத்தில்தான் ஓடுகிறது, அதை நிறுத்திவிடலாமா? நார்வே சர்க்கார் நூறு வருஷத்துக்கு மேலாகக் கொடுத்த பணம்தான் இன்றைக்கு உலகத்தையே அந்தக் கரைக்கு இழுத்து வருகிறது. இங்கே கன்னியாகுமரியில் பாருங்கள்: அரசாங்கத்தின் பூம்புகார்க் கப்பல் கழகத்துப் படகுகள் விவேகானந்தர் பாறைக்குப் போகின்றன, கூட்டம் வெயிலில் கால் கடுக்க வரிசையில் நிற்கிறது. ஒரு பாறைக்குப் போகவே இத்தனை பேர் தயாராக இருக்கும்போது, தூத்துக்குடி வரைக்கும் ஒரு கப்பல் விட்டால் ஆள் ஏறமாட்டார்களா?

தங்க முலாம் பூசிய கப்பலை நான் கேட்கவில்லை. மரப்பெஞ்சு போட்ட கப்பல் போதும். கருப்பட்டிச் சிப்பமும் கருவாட்டுக் கூடையும் உப்பு மூட்டையும் ஏற்ற ஒரு கிடங்கு. திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போகிற குடும்பத்துக்கும், மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போகிற கிழவருக்கும், காயல்பட்டினத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கும் கைக்கு எட்டுகிற கட்டணம். வலை விரித்திருக்கும் இடத்தைச் சுற்றிப் போகிற மரியாதை. அந்தத் துறைகளில் படகு அணைய ஒரு மேடை. ஆடியில் கட்டிப் போட்டுவிட்டுக் கடல் சாதுவானதும் ஓட்டட்டும். பிறகு கொழும்புக்கும் நீட்டட்டும். அழகு பார்க்க விரும்புகிறவன் கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொள்வான். அதற்குத் தனி டிக்கட் வேண்டாம்.

1908-இல் நான்கு உயிரைக் கொடுத்த ஊர், கப்பல் எங்கே என்று சட்டசபையிலும் துறைமுக ஆபீஸிலும் கேட்க வேண்டும். வடகோடிக்குப் போய் வந்த பெரிய மனிதர்களையும் கேட்கிறேன். அந்த ஊர்க் கிழவிக்கு நடுச்சாமத்தில் கப்பல் நின்றதே, அதைப் பார்த்தீர்களா, இல்லையா? பார்த்திருந்தால், திரும்பி வந்ததும் முதல் காரியமாக நம் ஊர்க் கிழவிக்கு ஒரு கப்பல் கேட்டிருக்க வேண்டாமா?