கூரை மேல் குடித்தனம்



மே மாதம் சென்னையிலிருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ வீடு மாறுகிறவர்களின் கார்களில் மெத்தை, சைக்கிள், பாத்திர மூட்டை எல்லாம் கூரைக் கேரியரில்தான். ‘இன்ஜின் இழுக்குதே, அப்புறம் என்ன?’ என்பார்கள். பாரத்துக்கு வரம்பு கட்டுவது இன்ஜின் மட்டுமல்ல, டயரும் கூரையும்தான். டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து 82 என்றிருந்தால் அது தாங்குவது 475 கிலோ, அதுவும் காற்று சரியாக இருந்தால். முழுப் பாரத்துக்கான காற்றளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத் தாளிலேயே இருக்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு. காற்று குறைந்த டயர் நெளிந்து நெளிந்தே சூடேறும். கொதிக்கும் நாற்கரச் சாலையில் வெடிக்க அது போதும். கூரைக்கோ பல கார்களில் 50 முதல் 75 கிலோதான், கேரியரின் எடையும் சேர்த்து. மேலே பாரம் ஏற ஏற, குறுக்கே ஆடு வர, ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி சாயும் அபாயமும் ஏறுகிறது.

லாரிக்குக் கட்டுப்படியாகாது என்பது நியாயமான பேச்சு. ஆனால் முழு லாரி எதற்கு? புத்தகமும் பாத்திரமும் பார்சல் சர்வீஸிலோ ரயில் பார்சலிலோ போகலாம். காரில் கனமானவை கீழே, பின் சீட்டின் முதுகை ஒட்டி, துணிமணி மேலே. போலீஸ் கேட்பதில்லை என்ற வாதமும் உண்டு. வரம்பை மீறி நீட்டிய சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. கேட்காதது அவர்கள் தாராளம். கேஸ் சிலிண்டரையும் டிக்கியில் திணிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏஜென்சியில் ஒப்படைத்துச் சான்று வாங்கினால் புது ஊரில் இணைப்பு கிடைக்கும்.

வாசகர், திருச்சி